சட்டி விழுந்த வீடுகள்

பதுளைக் கைலகொடையில் ஒரு வீட்டுச் சமையலறை. ஆள் குடியில்லாத வீடு. தரையில் வெள்ளை டைல்ஸ், சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. என் தம்பி டேவிட் முன் ஹாலில் வீட்டுக்காரம்மாவோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். நான் கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன அலுமினியச் சட்டியை வெளியே எடுத்தேன். இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். கையை விட்டுவிட்டேன்.

டைல்ஸ் தரையில் அலுமினியம் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்தது, உருண்டது, சுவரில் இடித்து ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. நான் ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

அக்கம்பக்கத்தில் ஒரு தலையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு அந்த வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

தம்பி ஓடி வந்தான், பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் வந்தார். கை தவறிவிட்டது என்றேன். சொந்தச் சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு பார்க்க வருகிற டீச்சரை அந்த அம்மா அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் மரியாதையாகச் சிரித்தார்.

த்ரீவீலரில் ஏறிய பிறகு டேவிட் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

“அக்கா, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

“வீடு வேணாம்டா. அடுத்ததுக்கு விடு” என்றேன்.

மலை பிளந்த பிறகு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு நாங்கள் இறங்கியதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்தவர்களில் சிலர் வழியில் என்னை நிறுத்தி, அதற்குப் பிறகு எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தச் சட்டிக் கதை.

அந்தப் பெருமழையில் எங்கள் லயத்துக்கு மேலே தேயிலை மலையில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் ஒரு கை நுழைகிற அளவுதான் இருந்தது. மழை விடாமல் பெய்ய, ஒரு ஆளே இறங்கலாம் போல ஆகிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இனி இங்கே ஒரு இரவும் தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அரிசியையும் ரேடியோவையும் பைபிளையும் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தோம். மழை விட்டதும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறிப்போனோம். சிலர் ஹாலிஎலவுக்கு, சிலர் பூனாகலைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்கு. நானும் என் வீட்டுக்காரரும் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டோம்.

இனிப் பதுளை டவுனிலேயே ஒரு வீடு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். பதுளையைப் போய் நகரம் என்கிறாளே என்று கொழும்புக்காரர்கள் சிரிக்கலாம். ரயிலே இதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுவிடுகிற ஊர்தான். ஆனால் லயத்திலேயே பிறந்து லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு அதுவே பெரிய பட்டணம்.

அத்தனை வருஷமாக பஸ்ஸில் வந்து டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுப் போனவள் நான். எந்தக் கடையில் சாக்பீஸ் நல்லது, எந்தக் கடையில் மீன் வைத்த மாலுபாண் சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் வேலைக்கு வந்து போகிற ஊர் வேறு, கதவைச் சாத்திப் படுக்கிற ஊர் வேறு. எந்தத் தெருவில் மனிதர் மனிதரைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான்.

கூரையைத் தொடாத சுவர்

காரணம் என் வீட்டுக்காரர். பெயர் அருளானந்தம். தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்து அரைக்கிற மிஷினில் நின்றவர். ஒரு நாள் வேலையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தார். மிஷின் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தது மாதாவின் புண்ணியம். அதன் பிறகு அவரை மிஷின் பக்கம் விடவில்லை. வீட்டோடு இருந்தார். மாத்திரை உண்டு, மாதா மாதம் க்ளினிக் உண்டு. இருந்தாலும் எப்போதாவது விழுவார். சொல்லிவிட்டா வருகிறது அது?

லயத்தில் இருந்தவரை நான் நிம்மதியாக பஸ் ஏறினேன். ஏன் என்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் இருக்கிற காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவிலிருக்கும் சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு இடைவெளி. இந்தப் பக்கம் வெங்காயம் தாளித்தால் அந்தப் பக்கம் கண் எரியும். புருஷன் பெண்சாதி சண்டைக்கு அடுத்த காம்பிராவிலிருந்தே தீர்ப்பு வரும். எனக்கு அந்த இடைவெளியைக் கண்டாலே ஆகாது. படித்தவள் என்ற மிதப்பில், நமக்கென்று ஒரு நாலு சுவர் வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருந்தவள் நான்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் இவர் சமையற்கட்டில் விழுந்தார். விழுந்த வேகத்தில் தண்ணீர் வாளி கவிழ்ந்து உருண்டது. அந்தச் சத்தம் கேட்டு அடுத்த காம்பிரா புஷ்பம் ஓடிவந்தாள். அடுப்புப் பக்கம் கிடந்தவரை இழுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கண் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வந்தபோது இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை லயமே சேர்ந்து எனக்குச் சொன்னது.

இப்போது புஷ்பம் பூனாகலையில், நாங்கள் பதுளையில். காலையில் நான் போனால் பள்ளிக்கூடம் விட்டுத்தான் வருவேன். அந்த நேரத்தில் இவர் விழுந்தால்? அடுப்பிலோ, குழாயடித் தண்ணீரில் முகம் குப்புறவோ விழுந்தால்? யாருக்குக் கேட்கும், கேட்டால் யார் வருவார்கள்? வீடு பார்க்கப் போன இடமெல்லாம் என் மண்டையில் ஓடியது இந்தக் கேள்விதான். அதற்குத்தான் சட்டி.

தம்பி சொன்ன பாதுகாப்பு

டேவிட்டுக்குப் பாதுகாப்பு என்றால் வேறு விஷயம். ஹாலிஎலவில் த்ரீவீலர் ஓட்டுகிறான், நாலு இடம் போய் வருகிறவன். கேட் இருக்கா, ஜன்னலுக்குக் கிரில் இருக்கா, தெருவில் லைட் எரியுதா, குடித்துவிட்டு நிற்கிற கூட்டம் உண்டா, வெள்ளம் வருமா, பின்னால் மலை வெட்டியிருக்கா என்று வரிசையாகக் கேட்பான். தப்பில்லை. எல்லாம் பார்க்க வேண்டியதுதான். பசறை வீதிப் பக்கம் ஒரு அழகான வீட்டில், பின்னால் செங்குத்தாக வெட்டின மண்ணைக் கண்ட உடனே கூட வந்திருந்த இவர் படியேறாமலே திரும்பிவிட்டார். அங்கே சட்டிக்கு வேலையே இல்லாமல் போனது.

நோயைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடாதே என்றும் தம்பி சொல்லியிருந்தான். சொன்னால் வீடு தரமாட்டார்களாம். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் கடைக்கு மேலே மாடியில் ஒரு இடம் பார்த்தோம். க்ளினிக் கைக்கெட்டும் தூரம். அங்கேயும் சட்டியைப் போட்டேன். கீழே பஸ்காரன் ஹார்ன் அடித்தான், எதிர்க்கடையில் பாட்டு ஓடியது. மாடிப்படியில் நின்ற என் தம்பிக்கே சட்டி விழுந்தது கேட்கவில்லை. அந்த வீடும் போயிற்று.

அடுத்துப் பார்த்த வீட்டில் சட்டி விழுந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் சிங்களத்தில் திட்டியது. கேட்கிறது, ஆனால் வரமாட்டார் என்று முடிவுகட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டியில் ஒரு நெளிவு விழுந்தது. கடைசியில் அது எந்த அடுப்பிலும் நேராக உட்காராது என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

இவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், “நான் விழுறதுக்கு முன்னாடியே சட்டிய விழ வச்சுப் பாக்குறியே ரீட்டா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் தம்பி ஒரு யோசனை சொன்னான். வீட்டுக்குள்ளே ஒரு கேமரா வைத்துவிடலாம், அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தே போனில் மாமாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, மறைப்பானேன். இவர் தலையை ஆட்டிவிட்டார்.

“நான் விழுறத அங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?”

கேமராப் பேச்சு அத்தோடு நின்றது.

தையல் மிஷின் வீடு

பஸார் வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து. கடை முதலாளிமார் ஒரு காலத்தில் கட்டிவிட்ட வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னால் ஒரு சின்னப் படி, பின்னால் குழாயடி. சந்தில் வறுத்த மிளகாய் வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்து வந்தது. தம்பி முகத்தைச் சுளித்தான். கேட்டும் கிடையாது, கிரில்லும் கிடையாது.

“இது நம்ம லயம் மாதிரியே இருக்குதே அக்கா. இதுக்கா இவ்வளவு அலைஞ்ச?”

உள்ளே போனேன். அங்கே சிமெந்துத் தரை. சட்டியைத் தூக்கிப் போட்டேன். அது உருண்டு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலைமுக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண் வாசலுக்கு வந்து நின்றார்.

“யாரு உள்ளுக்கு? என்ன விழுந்திச்சி?”

அந்தக் குரலைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அங்கேயே அழுதிருப்பேன். வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் இதையே எடுத்துவிடலாம் என்றேன். கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தது தம்பிதான். ஒழுகவும் செய்தது.

அவர் பெயர் நஸீமா. கணவர் பஸாரில் துணிக்கடை வைத்திருந்தார். நஸீமா வீட்டில் இருந்து கடைக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக்கொடுப்பார். குடிபோன நாளிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தொடங்கும். எனக்கு அது தைரியமாக இருந்தது.

அந்தத் தைரியம் நிலைக்கவில்லை. குடிபோன இரண்டாம் நாளே சந்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நாங்கள் முதன்முதலில் வீடு பார்க்க வந்த கதையை நஸீமா அவராகவே எடுத்தார். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் சத்தம் கேட்டதும் கள்ளன் என்று பயந்துபோய் வந்தாராம். ஆள் குடிவந்த பிறகு யார் வீட்டில் என்ன விழுந்தால் என்ன, இந்தச் சந்தில் நாள் முழுக்கச் சத்தம்தானே, காது பழகிப்போய்விடும் என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. அவர் வந்தது விழுந்தவரைத் தூக்க அல்ல, கள்ளனைப் பிடிக்க. இது தெரியாமல் ஒழுகுகிற வீட்டில் கொண்டுவந்து இவரை வைத்துவிட்டேனே என்று அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தேன்.

“ஒண்ணுமில்லங்க”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். இவர் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் கைப்பையிலிருந்து அதே சட்டியை எடுத்துச் சமையற்கட்டில் போட்டேன். வேண்டுமென்றே சுவர் ஓரமாகப் போட்டேன்.

மிஷின் நின்றது.

குழாயடியிலிருந்து இவர், “என்ன ரீட்டா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லங்க” என்று கத்திவிட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றேன். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

காதில் விழுந்திருக்கிறது, கையை நிறுத்தி யோசித்திருக்கிறார், பிறகு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த மனுஷி மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் எனக்கு என்ன கடமைப்பட்டவரா என்று ஒரு பக்கம் அறிவு கேட்டது. கோபம் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டேன். வழியில் “வாடகைக்கு” என்று எங்கே போர்டு தொங்கினாலும் ஏறி இறங்கினேன். சட்டி பையிலேயே இருந்தது. இவரிடம் ஸ்டாஃப் மீட்டிங் என்றேன், எக்ஸ்ட்ரா கிளாஸ் என்றேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் முகம் கண்ணில் வரும். இடைவேளையில் போன் அடிப்பேன். எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் வெட்டிவிட்டு மறுபடி அடிப்பேன். எடுத்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று எரிந்து விழுவேன். மனுஷன் போனைத் தேடி எடுக்க வேண்டாமா? அதையும் அவரே பொறுமையாகச் சொல்வார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் இவர் முழங்கையில் சிராய்ப்பைக் கண்டேன். குழாயடியில் பாசி, வழுக்கிவிட்டது என்றார். நான் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிக்கொண்டே, அடுத்து எடுக்கிற வீட்டில் பின்பக்கம் பாசி பிடிக்காத தரை இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

இஞ்சி

இவருக்குப் பத்து மணித் தேத்தண்ணி இல்லாமல் ஆகாது. பெக்டரிக் காலத்துப் பழக்கம். நான் வீட்டில் இல்லாததால் அவரே போட்டுக்கொள்வார். சின்ன உரலில் இஞ்சியைப் போட்டு நன்றாகத் தட்டுவார். எனக்கு இஞ்சி நெஞ்செரியும், நான் வெறும் பிளேன்டீக்காரி.

பள்ளிக்கூடம் லீவாயிருந்த ஒரு நாள். சனி ஞாயிறு அல்ல, கிழமை நாள்தான். க்ளினிக் நாள் என்பதால் டேவிட் விடிந்ததும் வந்து இவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான் வீட்டில் தனியாகப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். மனம் அதில் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பினாரவப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போவதாக இருந்தேன். கைப்பை கதவோரம் தயாராக இருந்தது, உள்ளே சட்டி.

பத்து மணி ஆனது. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு மறுபடி பேப்பரில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. நூல் மாற்றுகிறார் போல என்று நினைத்தேன். பிறகும் அது ஓடவில்லை.

சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு நஸீமா உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. முக்காடு தோளில் கிடந்தது. என்னைக் கண்டதும் திகைத்து நின்றார்.

“டீச்சர் வீட்டிலயா ஈக்கிறீங்க? நாநா எங்க?” நாநா என்றால் அவர்களுக்கு அண்ணன், இவரைத்தான் கேட்டார்.

“க்ளினிக் போயிருக்காருங்க. ஏன், என்ன ஆச்சு?”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“இஞ்சி தட்ற சத்தம் கேக்கல்ல. நானும் பாத்துப் பாத்து ஈந்தேன். பத்து தாண்டியும் கேக்கல்ல. போன மொற பாதியில நின்ட மாதிரி…”

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் எழுந்து போய் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன். எந்தப் போன முறை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அன்றைக்கு இஞ்சி தட்டுகிற சத்தம் பாதியிலேயே நின்றுவிட்டதாம். சட்டி விழவில்லை, வாளி உருளவில்லை, ஒரு சத்தமும் இல்லை. தட்டுகிறவர் பாதியில் நிறுத்தமாட்டாரே என்று நஸீமாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஓடிவந்து பார்த்தால் இவர் சமையற்கட்டில் கிடந்திருக்கிறார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடுப்பை அணைத்து, கண் திறக்கும்வரை பக்கத்தில் இருந்திருக்கிறார். முழங்கைச் சிராய்ப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

“அவருக்கு வலிப்பு இருக்குன்னு ஒங்களுக்கு யார் சொன்னா?”

“நாநாதான். நீங்க குடிவந்து கொஞ்ச நாள்ளயே எங்கட வாசல்ல வந்து நின்டு சொன்னாரே. ‘நான் விழுவேன் தங்கச்சி, விழுந்தா பொரட்டிப் படுக்க வைங்க, பயப்படாதீங்க’ன்னு. டீச்சர்கிட்ட மட்டும் அன்டைக்கு விழுந்தத சொல்ல வேணாம்னாரு. சொன்னா டீச்சர் ஸ்கூலுக்குப் போகமாட்டாங்களாம்.”

இத்தனை நாளாக நான் நினைத்துப் பார்க்காத காரியம் அது. வாயைத் திறந்து சொல்வது. நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவள் நான், வகுப்பில் ஒரு பாடத்தைப் பத்து விதமாகச் சொல்லுகிறவள். வீட்டுச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதே என்று தம்பி சொன்னது சரி, பக்கத்து வீட்டில் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. லயத்தில் யார் யாருக்குச் சொன்னார்கள்? சுவருக்கு மேலே இருந்த இடைவெளி எல்லாவற்றையும் சொல்லிவிடும். சொல்லாமலே தெரிந்துகொள்ளும் ஜனங்களோடு வாழ்ந்து பழகியவள், பதுளை டவுனிலும் போய் நின்றுகொண்டு, சட்டியைப் போட்டால் போதும், ஊர் தெரிந்துகொள்ளும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டி விழுந்ததே, கேட்கவில்லையா என்றேன்.

“கேட்டிச்சே. மிஷின நிப்பாட்டிட்டு எழும்பினேன். அதுக்குள்ள நாநா ‘என்ன ரீட்டா’ங்கிறாரு, நீங்க ‘ஒண்ணுமில்லங்க’ங்கிறீங்க. பொறகு எதுக்கு நான் வர?”

நான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். என்னத்துக்கு அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதுளையில் சட்டி விழுந்த வீடுகள் அத்தனையையும் சொல்லியிருப்பேன். பிறகொரு நாள் சொல்லவும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

நஸீமா போன பிறகு எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. விழுந்ததை என்னிடமே மறைத்தாரா? வரட்டும் என்று, திட்டவேண்டிய திட்டையெல்லாம் வரிசையாக அடுக்கிவைத்தேன். அடுக்கிக்கொண்டே கைப்பையைத் திறந்து சட்டியை எடுத்தேன். கழுவினேன். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். நெளிந்த அடி நேராக உட்காரவில்லை, ஒரு பக்கம் சரிந்தே நின்றது. பரவாயில்லை என்று விட்டேன்.

மதியம் இவர் திரும்பி வந்தார். மருந்துப் பையை மேசையில் வைத்தவர் அடுப்பைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன், இன்னிக்கு வீடு பாக்கப் போகலியா?”

ஸ்டாஃப் மீட்டிங்கும் எக்ஸ்ட்ரா கிளாஸும் எவ்வளவு காலமாக அவருக்குத் தெரியுமோ! அடுக்கிவைத்த திட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“போகல. தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டுங்க” என்றேன். “எனக்கும் சேத்துத் தட்டுங்க.”

“ஒனக்கு நெஞ்சு எரியுமே.”

“எரியட்டும்.”

உரலை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து தட்டினார். அந்தப் பக்கம் மிஷின் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.